அக்கிக்கு மருந்து கண்ட வரலாறு

    

அக்கி நோயை அறியாத ஊர் நம் பக்கத்தில் இல்லை. உடலின் ஒரு புறத்தில் பட்டையாகக் கொப்புளங்கள் தோன்றும். நெருப்புப் பட்டாற்போல் எரியும். மண்பாண்டம் வனைவோரிடம் சென்று காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்வது நம் முன்னோர் வழக்கம். காவி தோலின் மேல் நிற்கிறது. நோயின் வேரோ நரம்பில் இருக்கிறது. இளமையில் சின்னம்மையை உண்டாக்கிய அதே வைரஸ், அம்மை இறங்கிய பின்னும் உடலை விட்டு நீங்குவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, முதுமையிலோ உடல் நலிந்த காலத்திலோ நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. உதட்டோரம் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்ப்பீஸ் வைரசும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே.

பாக்டீரியாவுக்குத் தனி வீடு உண்டு. பென்சிலின் அதன் சுவரைக் கட்டவிடாமல் தடுத்து அதனை அழிக்கிறது. வைரசுக்கு வீடில்லை. நம் உயிரணுவுக்குள் புகுந்து, அங்குள்ள பொருள்களைக் கொண்டே தன்னைப் படியெடுத்துக் கொள்கிறது. அதனை அழிக்கப் புகுந்தால் நம் அணுவும் அழியுமே என்று அறிஞர் பலர் அஞ்சினர்.

அந்த அச்சத்தைப் போக்கியது ஏசைக்ளோவிர். டி.என்.ஏ.வை நால்வகைப் பெட்டிகள் கோத்த நீண்ட தொடர்வண்டி எனக் கொள்வோம். ஏசைக்ளோவிர் அவற்றுள் ஒரு வகைப் பெட்டியைப் போலவே தோன்றும். ஆனால் அடுத்த பெட்டியை மாட்டும் கொக்கி அதில் இல்லை. வைரஸ் ஏமாந்து அதனைக் கோத்துவிட்டால் வண்டி அவ்விடத்திலேயே நின்றுபோகும்.

நம் அணுவின் வண்டியும் நின்றுபோகாதா என்று மாணவர் வினவலாம். நல்ல வினா! இம்மருந்தின் மீது 3 பாஸ்பேட்டுகள் ஏறினால்தான் அது வேலை செய்யும். முதலாவதை ஏற்றுவது தைமிடின் கைனேஸ் என்னும் வைரசின் நொதி. நம் அணுவின் நொதிகள் அப்பணியைச் செய்வது மிக மிக அரிது. எஞ்சிய இரண்டையும் நம் அணுவே ஏற்றுகிறது. ஆகவே வைரஸ் புகுந்த அணுவில்தான் மருந்து விழித்துக்கொள்கிறது. கள்வன் தன் கையாலேயே தனக்கு விலங்கு பூட்டிக்கொள்கிறான்!

அமெரிக்காவில் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் இதனை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கெர்ட்ரூட் எலியன் அம்மையார். 1929 ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியில் தந்தை பொருளிழக்க, கட்டணம் வாங்காத ஹன்டர் கல்லூரியில் பயின்று 1937 இல் பட்டம் பெற்றார். பெண் என்பதால் ஆய்வுக்கூடங்கள் வேலை தர மறுத்தன. சில காலம் பள்ளியில் பாடம் நடத்தினார். நம் தொழில் செய்தவர் என்பதில் நமக்குச் சிறு பெருமை. வேலையை விட்டு முழுநேரம் வந்தால்தான் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கலாம் என்றபோது, பட்டத்தையே விட்டுவிட்டார். 1988 இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

உறங்கும் வைரசை இம்மருந்து தொடாது. அது படியெடுக்கும் வேளையில் மட்டுமே தடுக்கும். ஆதலால் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்குதல் நலம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 வேளை வீதம் 7 நாள் கொடுப்பது வழக்கம். சிறுநீரகக் கோளாறு உள்ளோர்க்கு மருத்துவர் அளவைக் குறைப்பார். நெற்றியிலோ கண்ணருகிலோ வந்தால் அன்றே செல்ல வேண்டும், பார்வை கெடக்கூடும். காவி எழுதி ஒரு வாரம் காத்திருக்கும் முதியோரை ஏளனம் செய்யாமல் கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். இந்திய அரசின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் ஏசைக்ளோவிர் உள்ளது. பெயரைச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டா.