கதிர் அறுந்தால் நிற்பதா, ஓடுவதா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழிற்சாலை அனுபவத்தைப் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். உற்பத்தி, ஏற்றுமதி என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் சாப்பாட்டுக் கூடத்துக்கு நழுவிவிடுவீர்கள். ஆகவே நாடக மேடை விளக்கைப் பற்றிப் பேசுகிறேன்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம் நம்மில் பலருக்குச் சோறு போட்ட இடம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் என்று கார் உற்பத்தி தொடங்கியது. சுற்றிலும் உதிரிபாக ஆலைகள் வந்தன. அப்படி ஓர் ஆலையில் நான் மின் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். ஆயுத பூஜையன்று மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து, சாயங்காலம் தொழிலாளர்களே நாடகம் போடுவார்கள். விளக்குப் பொறுப்பு அடியேனுக்கு.

மேடை விளக்குகளுக்கு டி.எம்.எக்ஸ். 512 என்று ஒரு பாஷை உண்டு. 1986-ல் அமெரிக்காவில் வகுத்தது. ஒரே கேபிளில் 512 சேனல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 என்றால் இருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம். அதையே கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் அனுப்ப 1998-ல் ஆர்ட்-நெட் வந்தது. நம்ம பி.எல்.சி.யும் அதே நெட்வொர்க்கில் பேசும் ஆசாமிதானே! கதாநாயகன் வாசலைத் தாண்டியதும் தானாக மின்னல் வெட்டி மேடை இருண்டால் எப்படி இருக்கும் என்று ஆசை வந்துவிட்டது.

வாசலின் ஒரு பக்கம் போட்டோ சென்சார், எதிரே ரிஃப்ளெக்டர். ஆள் குறுக்கே போனால் கதிர் அறும். உடனே பி.எல்.சி., விளக்குக் கம்ப்யூட்டருக்கு ‘அடுத்த காட்சி விளக்கு’ என்று செய்தி அனுப்பும். ஒத்திகையில் பிரமாதமாக வேலை செய்தது. கைதட்டல் வேறு!

நாடகத்தன்று, தாத்தா வேடம் போட்ட எங்கள் ஃபோர்மேன் நாலடி உயர மேடைப் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் யாரோ கட்டிலை இழுத்தார்கள். கட்டில் கால் சென்சார் வயரில் மாட்டி, கனெக்டர் கழன்றது. கதிரை அறுத்தது ஆளா, வயரா என்று பி.எல்.சி.க்குத் தெரியுமா? ‘அடுத்தது’ என்று சொல்லிவிட்டது. ஒரே கும்மிருட்டு. அவர் படி தவறி விழுந்தார். கணுக்காலில் எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அவர் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “தம்பி, நம்ம பிரஸ்ஸுக்கு இப்படி வயரிங் பண்ணுவீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. பிரஸ் மெஷினுக்கு முன்னால் லைட் கர்ட்டன் இருக்கிறது. கதிர் அறுந்தால் மெஷின் நிற்கும். வயர் அறுந்தாலும் நிற்கும். பழுது வந்தால் ஆபத்தில்லாத பக்கம் சாய வேண்டும் என்பதுதான் அதன் தத்துவம். நான் மேடையில் அதைத் தலைகீழாக்கி, கதிர் அறுந்தால் ‘ஓடு’ என்று எழுதிவைத்திருந்தேன். ஸ்டார்ட் பட்டன் திறந்த காண்டாக்ட், ஸ்டாப் பட்டன் மூடிய காண்டாக்ட் என்பது ஐ.டி.ஐ. பையனுக்குக்கூடத் தெரியும். மேடை என்றதும் எனக்கு மறந்துபோச்சு.

மறுவருடம் நான்கு மாற்றங்கள் செய்தோம். ஒன்று, ஆள் வந்தால் மட்டும் 24 வோல்ட் கொடுக்கும் சென்சாராக மாற்றினோம். வயர் போனால் ஒன்றும் நடக்காது. இரண்டு, ‘அடுத்தது’ என்று சொல்லாமல் ‘17-ஆம் விளக்குக் காட்சி’ என்று எண்ணோடு கேட்கச் செய்தோம். ஒருமுறை தவறினால் மிச்ச நாடகமும் ஒன்று தள்ளிப் போகாது. மூன்று, மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆபரேட்டர் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால்தான் சென்சார் பேச்சு எடுபடும். சென்சார் ஊமையானால் அவரே விளக்கை மாற்றுவார். மின்னல் ஒரு விநாடி தாமதமாகும், அவ்வளவுதான். நான்கு, படிக்கட்டு விளக்கை டிம்மரிலிருந்தே பிரித்துத் தனி இணைப்பில் எரியவிட்டோம்.

இந்த நாலாவது முக்கியம். டி.எம்.எக்ஸ். எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று சோதிக்க அதில் கட்டாய ஏற்பாடு இல்லை. ஆபத்தான வேலைகளுக்கு இது ஏற்றதல்ல என்று அந்தத் தர ஆவணமே சொல்கிறது. விளக்குக்குச் சரி, கீழே இறங்கும் மேடைப் பலகைக்கு ஆகாது.

நவாப் ராஜமாணிக்கம், ஆர்.எஸ். மனோகர் நாடகங்கள் தந்திரக் காட்சிகளுக்குப் பேர்போனவை. அந்தக் காலத்தில் சென்சார் ஏது? மனிதக் கண்தான் சென்சார். அந்தக் கண்ணை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கும்போது, அந்தக் கண்ணின் பொறுப்பையும் சேர்த்து வைக்க வேண்டும்.

கல்லூரி விழாவுக்கு விளக்குப் போடும் தம்பி தங்கைகளே, தாராளமாகச் செய்து பாருங்கள். ஒத்திகையில் எல்லாம் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பாருங்கள். அப்போது மேடையில் இருப்பவர் பத்திரமாக நிற்கிறாரா? அதுதான் பரீட்சை.

ஃபோர்மேன் மறுவருடமும் தாத்தாவாகவே நடித்தார். அதே படியில் இறங்கினார். பட்டனைப் பிடித்திருந்த என் கைதான் நடுங்கியது.