மாத்திரையை எடுத்துக் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடுமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



வழக்கமா நான் வந்தா சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தீர்மானப் புத்தகம் இதைப் பத்தித்தான் பேசுவேன். இன்னைக்கு மருந்துக் கடையைப் பத்திப் பேசப் போறேன். இதுவும் நம்ம கணக்கு சம்பந்தப்பட்ட விஷயம்தான். நம்ம குழுக்களோட கடன் பதிவேட்டைப் புரட்டினா "மருத்துவச் செலவு"ன்னு எழுதின கடன் வந்துக்கிட்டே இருக்கு. அந்தப் பணத்துல ஒரு பங்கு மெடிக்கல் கடைக்குப் போகுது.

குழுவில கடன் வாங்கும்போது வட்டி எவ்வளவு, எத்தனை தவணைன்னு கேட்காம யாராவது கையெழுத்துப் போடுவோமா? ஒரு பைசா வட்டி கூடினாலும் ஊக்குநரை உட்கார வச்சுக் கேள்வி கேப்போம். ஆனா உடம்புக்குள்ள போற மாத்திரை என்ன, எதுக்கு, எத்தனை நாளைக்குன்னு கேட்காமலே வாங்கிட்டு வந்துடறோம். "அவங்க படிச்சவங்க, நாம கேட்டா கோவிச்சுக்குவாங்க"ன்னு ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தைக் கொஞ்சம் விடணும்னுதான் இந்தப் பேச்சு.

சட்டம் என்ன சொல்கிறது?

மருந்து எடுத்துக் கொடுக்கிறவரை மருந்தாளுநர்னு சொல்றோம், பார்மசிஸ்ட். நம்ம நாட்டுல பார்மசி சட்டம் 1948-ல் வந்தது. டாக்டர் எழுதின சீட்டுக்கு மருந்து கொடுக்கிறவர், படிச்சுப் பதிவு செய்த மருந்தாளுநரா இருக்கணும்னு அந்தச் சட்டத்தோட 42-வது பிரிவு சொல்லுது.

அப்புறம் 2015-ல் இந்திய மருந்தியல் கவுன்சில் ஒரு ஒழுங்குமுறை விதி கொண்டு வந்தது. மருந்தாளுநர் வெள்ளைக் கோட்டு போட்டிருக்கணும், பெயரும் பதிவு எண்ணும் தெரியற மாதிரி பட்டை குத்தியிருக்கணும்னு அதுல இருக்கு. அதைவிட முக்கியமா, நோயாளிகிட்ட அவரே பேசணும்னு இருக்கு. மருந்தோட பெயர் என்ன, எதுக்காகச் சாப்பிடறது, எவ்வளவு, எத்தனை நாள், என்ன பக்கவிளைவு வரலாம், வந்தா என்ன செய்யணும், ஒரு வேளை மறந்துட்டா என்ன செய்யணும், எப்படிப் பத்திரமா வைக்கணும், இதெல்லாம் அவர் சொல்ல வேண்டியது.

அதாவது, நாம கேள்வி கேட்டா அது தொந்தரவு இல்லை. பதில் சொல்றது அவரோட வேலை. அரசு ஆஸ்பத்திரியில மாத்திரை கொடுக்கிற ஜன்னலுக்கும் இது பொருந்தும்.

சட்டத்துக்கு அப்பால், இந்தத் தொழிலுக்குன்னு சில தர்மங்கள் இருக்கு. அதை ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதலாவது: புரியற மாதிரி சொல்லணும்

"1-0-1"ன்னு கவர் மேல எழுதிட்டா சொன்னதா ஆகிடுமா? படிக்கத் தெரியாத பாட்டிக்கு அது கோடும் வட்டமும்தான். காலைக்கு ஒரு சூரியன், ராத்திரிக்கு ஒரு நிலா வரைஞ்சு கொடுக்க அரை நிமிஷம் ஆகும். நல்ல மருந்தாளுநர், "இப்ப எப்படிச் சாப்பிடுவீங்க, ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்"னு திருப்பிக் கேட்பார். நாம தப்பாச் சொன்னா அங்கேயே திருத்திடலாம்.

இது எவ்வளவு முக்கியம்னு ரெண்டு உதாரணம் சொல்றேன். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்னு ஒரு மாத்திரை உண்டு. வாரத்துல ஒரே ஒரு நாள் சாப்பிடறது. மத்த மாத்திரை மாதிரி தினமும் சாப்பிட்டா உயிருக்கே ஆபத்து. "வாரம் ஒரு தடவை, இந்தக் கிழமை"ன்னு அழுத்திச் சொல்லாம கொடுக்கவே கூடாது.

இன்னொண்ணு குழந்தைகளுக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற பாராசிட்டமால். சொட்டு மருந்தா வர்றதுல வழக்கமா 1 மில்லியில 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பா வர்றதுல 5 மில்லியில 125 மில்லிகிராம் இருக்கும், 250 உள்ளதும் உண்டு. 125 உள்ள சிரப்போட ஒப்பிட்டா சொட்டு மருந்து 4 மடங்கு வீரியம். சிரப் கொடுத்துப் பழகின தாய் அதே அளவு சொட்டு மருந்தைக் கொடுத்தா என்ன ஆகும்? வீட்டு ஸ்பூன்ல அளக்காம, பாட்டிலோட வர்ற மூடியிலயோ சொட்டுக் குழாயிலயோ அளக்கணும்னு சொல்லிக் கொடுக்கணும்.

இரண்டாவது: மறைக்கவும் கூடாது, பயமுறுத்தவும் கூடாது

இது மருந்தாளுநருக்கே சிரமமான இடம். எல்லாப் பக்கவிளைவையும் அடுக்கினா, நோயாளி பயந்து மாத்திரையையே நிறுத்திடுவாங்க. ஒண்ணுமே சொல்லாம விட்டா, ஏதாவது நடக்கும்போது காரணம் புரியாம தவிப்பாங்க. சரியான வழி என்னன்னா, அடிக்கடி வரக்கூடியதையும் ஆபத்தானதையும் முன்னாடியே சொல்லி, வந்தா என்ன செய்யணும்னும் சேர்த்துச் சொல்றது.

காசநோய் மாத்திரையில ரிஃபாம்பிசின்னு ஒண்ணு இருக்கு. அதைச் சாப்பிட்டா சிறுநீர் ஆரஞ்சு, சிவப்பு நிறத்துல போகும். அதனால தீங்கு இல்லை. முன்னாடியே சொல்லியிருந்தா நிம்மதியா இருப்பாங்க. சொல்லலைன்னா "ரத்தம் போகுது"ன்னு பயந்து மாத்திரையை நிறுத்தலாம். பாதியில நிறுத்தின காசநோய், மருந்துக்கு அடங்காத நோயா மாறும். அதே மாத்திரை, கருத்தடை மாத்திரையோட பலனையும் குறைச்சிடும். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மாத்திரை சாப்பிடற பெண்ணுக்கு இதை யாராவது சொல்ல வேண்டாமா? சொல்லலைன்னா பாதிப்பு அவளுக்குத்தானே!

சர்க்கரைக்குச் சில மாத்திரைகளைச் சாப்பிட்டுட்டு, சாப்பாடு சாப்பிடாம காட்டு வேலைக்குப் போனா வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், மயக்கம் வரும். உடனே சர்க்கரை, வெல்லம் ஏதாவது சாப்பிடணும், மாத்திரை வாங்கும்போதே இதைத் தெரிஞ்சுக்கணும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டா மலம் கறுப்பாப் போகும், பயப்பட வேண்டாம். அதை டீயோட சேர்த்துச் சாப்பிட்டா சத்து உடம்புல சரியாச் சேராது. எவ்வளவு கர்ப்பிணிப் பெண்கள் கறுப்பாப் போகுதுன்னு மாத்திரையைத் தூக்கிப் போட்டிருக்காங்க!

மூன்றாவது: லாபம் பின்னாடி, நோயாளி முன்னாடி

"அண்ணே, உடம்பு வலிக்கு ஒரு செட்டு மாத்திரை குடுங்க." இது நம்ம ஊர்ல தினமும் கேட்கிற வார்த்தை. நாலு அட்டையிலிருந்து நாலு மாத்திரையை வெட்டி, ஒரு பேப்பர் கவர்ல போட்டுக் கொடுத்துடறாங்க. வெட்டின துண்டுல பெயரும் இருக்காது, காலாவதி தேதியும் இருக்காது. அதுல ஸ்டீராய்டு மாத்திரை இருந்தா நமக்கு எப்படித் தெரியும்? சாப்பிட்ட உடனே வலி பறந்து போகும், அதனால அதே கடையைத் தேடிப் போவோம். தொடர்ந்து சாப்பிட்டா சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு பலவீனமாகும். வலி மாத்திரையைச் சும்மா சும்மா சாப்பிட்டா வயித்துப் புண், சிறுநீரகக் கோளாறு. என்ன மாத்திரைன்னு சொல்லாம விற்கிறது, நம்ம உடம்பை வச்சுப் பண்ற வியாபாரம்.

முகம் வெளுக்கன்னு தங்கச்சிகள் வாங்கிப் போடற சில கிரீம்களும் இப்படித்தான். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் மாதிரி ஸ்டீராய்டு கலந்தது. முதல்ல பளபளப்பு, அப்புறம் தோல் மெலிஞ்சு, சிவந்து, பரு வந்து, நிறுத்தினா எரியும். 2018-ல் இந்த மாதிரி ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கணும்னு மத்திய அரசு விதியை மாத்தியது.

ஆன்டிபயாட்டிக் மருந்தும் அப்படித்தான். முக்கியமான சில ஆன்டிபயாட்டிக்கை விற்றா டாக்டர் பெயர், நோயாளி பெயர், எவ்வளவு கொடுத்தாங்கன்னு தனிப் பதிவேட்டுல எழுதி 3 வருஷம் வச்சிருக்கணும்னு 2014 மார்ச் 1 முதல் விதி இருக்கு. மருந்து அட்டையில சிவப்புக் கோடு இருந்தா, டாக்டர் சீட்டு இல்லாம வாங்கக் கூடாத மருந்துன்னு அர்த்தம். இதைப் பார்க்கப் படிப்பு தேவையில்லை, கண்ணு இருந்தாப் போதும்.

ஒரு விஷயம் நியாயமாச் சொல்லணும். சீட்டு இல்லாம தர மாட்டேன்னு சொல்ற கடைக்காரரை நாமதான் திட்டிட்டு அடுத்த கடைக்குப் போறோம். உண்மையில நம்ம மேல அக்கறை உள்ளவர் அவர்தான்.

நான்காவது: நம்ம ரகசியத்தைக் காப்பாத்தணும்

சின்ன ஊர்ல கடையில நாலு பேர் நிற்கும்போது "கருத்தடை மாத்திரைதானே?"ன்னு சத்தமாக் கேட்டா, அந்தப் பெண் அடுத்த தடவை அந்தக் கடைப் பக்கம் போவாளா? மனநல மாத்திரை, எச்.ஐ.வி. மாத்திரை, வெள்ளைப்படுதலுக்கு மருந்து, எதுவா இருந்தாலும் தனியாக் கூப்பிட்டு, மெதுவாப் பேசணும். யார் என்ன வாங்கினாங்கன்னு புருஷன் வந்து கேட்டாலும், மாமியார் வந்து கேட்டாலும், அந்தப் பெண் சம்மதிக்காம சொல்லக் கூடாது. இதனால குடும்பத்துல அடி வாங்கின பெண்களை நாம பார்த்திருக்கோம். ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுந்துட்டா திரும்ப எடுக்க முடியாது.

இது நமக்கும் உண்டு. 2021 ஆகஸ்டுல "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கினப்போ, வீடு தேடிப்போய் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கிற தன்னார்வலர் வேலைக்கு மகளிர் குழுப் பெண்கள் சேர்ந்தாங்க. அந்த வேலையைச் செய்யற சகோதரி, ஒரு வீட்டு வியாதியை அடுத்த வீட்டுத் திண்ணையில பேசக் கூடாது. குழுக் கூட்டத்திலயும் பேசக் கூடாது.

ஐந்தாவது: தன் எல்லையைத் தெரிஞ்சு நடக்கணும்

மருந்தாளுநர் டாக்டர் இல்லை. நெஞ்சு வலின்னு வந்தவருக்கு கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லணும். அதே சமயம், டாக்டர் எழுதின அளவுல சந்தேகம் வந்தா வாயை மூடிக்கிட்டுக் கொடுக்கவும் கூடாது. நோயாளியைக் கலங்க வைக்காம, டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுத் தெளிஞ்சுக்கணும். சீட்டுல எழுதின மருந்து இல்லைன்னா "இதுவும் அதே மாதிரிதான்"னு தானாவே மாத்திக் கொடுக்கிறதும் விதிப்படி தப்பு. டாக்டரைக் கேட்டுத்தான் மாத்தணும். அதனால விலை குறைஞ்ச மருந்து வேணும்னா நாம டாக்டர்கிட்டயே "மருந்தோட மூலப் பெயரை எழுதிக் கொடுங்க"ன்னு கேட்கலாம். 2008-ல் தொடங்கின மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கின முதல்வர் மருந்தகங்களும் அப்படிப்பட்ட மருந்துகளுக்காக வந்தவைதான்.

2025 செப்டம்பர், அக்டோபர் மாசங்கள்ல நடந்ததை மறக்க முடியாது. மத்தியப் பிரதேசம் சிந்துவாரா பக்கம் இருமல் மருந்து குடிச்ச பச்சைக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தாங்க. மருந்துல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கிற விஷம் கலந்திருந்தது. அதைத் தயாரிச்ச கம்பெனி நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல இருந்தது. ரெண்டு வயசுக்குள்ள உள்ள குழந்தைக்கு இருமல், சளி மருந்து எழுதவும் கூடாது, கொடுக்கவும் கூடாதுன்னு மத்திய சுகாதாரத் துறை அப்ப அறிவுறுத்தியது. அந்த மாதிரி நேரத்துல, நம்ம கையில இருக்கிற பாட்டில் தடை செய்யப்பட்டதான்னு எப்படிப் பார்ப்போம்? பாட்டில்லயும் பில்லுலயும் இருக்கிற பேட்ச் எண்ணை வச்சுத்தான். அதனால பத்து ரூபாய்க்கு வாங்கினாலும் பில் கேளுங்க.

நாம செய்ய வேண்டியது

கடைக்காரர் மேல மட்டும் பழி போடக் கூடாது. சாயங்காலம் கூட்டம் நெரியும்போது "சீக்கிரம் குடுங்க, பஸ் போயிடும்"னு அவசரப்படுத்தறதும் நாமதான். எட்டு வயசுப் பையன்கிட்ட காசும் பழைய அட்டையும் கொடுத்து அனுப்பறதும் நாமதான். அந்தப் பையன்கிட்ட அவர் என்னத்தை விளக்குவார்?

இனிமே கடைக்குப் போனா இந்த 5 கேள்வியைக் கேளுங்க:

1. இந்த மாத்திரை எதுக்கு?
2. எப்ப, எவ்வளவு, எத்தனை நாள்? சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?
3. என்ன தொந்தரவு வரலாம்? வந்தா என்ன செய்யணும்?
4. நான் ஏற்கெனவே சாப்பிடற மாத்திரையோட சேர்த்துச் சாப்பிடலாமா?
5. ஒரு வேளை மறந்துட்டா என்ன செய்யணும்?

கர்ப்பமா இருந்தாலோ, பால் கொடுத்தாலோ, முன்ன ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருந்தாலோ, அவர் கேட்காட்டியும் நாமளே சொல்லிடணும். மருந்தால ஒவ்வாமை, கெடுதல் வந்தா முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. அப்புறம் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணில் மருந்துப் பாதுகாப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம். கடையில தப்பு நடந்தா மாவட்டத்துல உள்ள மருந்துகள் ஆய்வாளர்கிட்ட எழுத்து மூலமாப் புகார் கொடுக்கலாம். தனியா ஒருத்தி போய்ப் பேசறதைவிட, குழுத் தீர்மானம் போட்டு ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து போனா பேச்சுக்கு மதிப்பு கூடும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். அடுத்த மாசக் குழுக் கூட்டத்துல சேமிப்பு வசூல் முடிஞ்சதும் பத்து நிமிஷம் ஒதுக்குங்க. இந்த 5 கேள்வியைப் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுங்க. வீட்டுல பெயர் தெரியாத, தேதி தெரியாத மாத்திரை என்ன இருக்குன்னு அவங்கவங்க போய்ப் பாருங்க. பக்கத்துக் கடையில பதிவு பெற்ற மருந்தாளுநர் யாருன்னு விசாரிச்சு வையுங்க. முடிஞ்சா அவரையே ஒரு நாள் கூட்டத்துக்குக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்க. நல்லவங்க சந்தோஷமா வருவாங்க. எந்தெந்தக் குழு இதைச் செய்ததுன்னு அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துல நான் கேட்பேன், தயாரா வாங்க.