கொழும்பில் வாடகைக் குடித்தனம்



தமிழில் வீடு என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. நாம் குடியிருக்கும் மனையும் வீடு. பிறவித் தளை நீங்கி எய்தும் பேறும் வீடு. கொழும்பு மாநகரில் வாடகைக்கு இடம் தேடி ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து களைத்தவரிடம், இவ்விரண்டனுள் எளிதிற் கிட்டுவது எது என வினவினால் அவர் உடனே விடை கூறமாட்டார்.

வாடகை ஏறிவிட்டது என்று சொல்வதற்கு ஒரு வானொலிப் பேச்சு வேண்டுவதில்லை. வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ கொட்டாஞ்சேனையிலோ குடியிருப்பவர்கள் அதனை மாதந்தோறும் முதல் வாரத்திலேயே உணர்ந்துவிடுகின்றனர். அந்த ஏற்றத்தின் சுமை எல்லார் தோளிலும் ஒரே அளவாக இறங்கவில்லை என்பதும், மாத வாடகை எனக் கண்ணுக்குத் தெரியும் தொகையிலும் பார்க்கக் கண்ணுக்குத் தெரியாத சில இழப்புகளே குடும்பங்களை ஆட்டம் காணச் செய்கின்றன என்பதுமே இன்று நான் எடுத்துரைக்க விரும்புபவை.

கொழும்பு மாநகரசபையின் எல்லை ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர். 2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அதனுள் வாழ்ந்தோர் ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். துறைமுகம், வங்கிகள், பெரிய மருத்துவமனைகள், பெயர்பெற்ற பாடசாலைகள் என நாட்டின் பிற பாகத்தார் நாடி வரவேண்டியவை பலவும் இச்சிறு பரப்பிலேயே குவிந்து கிடக்கின்றன. மேற்கே கடல். அக்கடலையும் நிரப்பி 269 ஹெக்டேயர் நிலம் உண்டாக்கிவிட்டனர். ஆயினும் அந்நிலம் ஓர் எழுதுவினைஞர் தம் மனைவி மக்களுடன் வாடகைக்குக் குடிபோவதற்காக உண்டாக்கப்பட்டதன்று.

தமிழ் பேசும் மக்களுக்கு இதில் தனிப்பட்ட ஒரு வரலாறும் உண்டு. 1980-களிலிருந்து போரின் காரணமாக வடக்கிலும் கிழக்கிலுமிருந்து வந்த பல குடும்பங்களுக்கு வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் கொட்டாஞ்சேனையும் புகலிடமாயின. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிலே மாமரமும் முற்றமுமாக நின்ற பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அவற்றினிடத்தில் தொடர்மாடிகள் எழுந்தன. ஒரு குடும்பம் வாழ்ந்த நிலத்தில் இருபது குடும்பம் வாழ வழி பிறந்தது. அவ்வாறாயின் வாடகை குறைந்திருக்க வேண்டுமல்லவா? குறையவில்லை. அம்மாடிகளிற் பெரும்பாலானவை விற்பதற்கென்றே கட்டப்பட்டவை. வாங்கியோரிற் பலர் இலண்டனிலும் தொரொன்ரோவிலும் வாழ்கின்றனர். ஆவணியில் உறவினர் திருமணத்துக்கு வந்து தங்குவதற்காக வீட்டைப் பூட்டி வைப்போரும் உளர். நாள் வாடகைக்கு விட்டு ஒரு மாதத்திலே மூன்று மாத வருவாயைப் பெறலாம் என்று எண்ணுவோரும் உளர். 2024-இல் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பயணிகள் இந்நாட்டுக்கு வந்தனர். அவர்களுக்கு அறை தேடிக் கொடுக்கும் இணையத் தரகு வந்தபின், ஆண்டுக் கணக்கில் ஒருவரைக் குடியிருத்துவதற்கு உரிமையாளர் தயங்குவது வியப்பன்று.

இந்நிலையில் வந்தது 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி. அவ்வாண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் டொலர் ஒன்று இருநூறு ரூபாயளவில் இருந்தது. மே மாதத்தில் அது 360 ரூபாயை அண்மித்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி செப்ரெம்பர் மாதப் பணவீக்கம் 69.8 வீதம். முன்னர் ஆயிரம் ரூபாயளவில் விற்ற சீமெந்து மூட்டை மூவாயிரத்தைத் தொட்டது. வட்டி உயர்ந்தது, கடன்பட்டுக் கட்டத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். மின்கட்டணம் 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலுமாக இருமுறை பெருமளவு கூட்டப்பட்டது. மாடிவீடுகளில் மின்தூக்கிக்கும் நீரேற்றும் இயந்திரத்துக்கும் ஆகும் செலவு பராமரிப்புக் கட்டணமாகக் குடியிருப்போர் தலையில் விடிந்தது. பின்னர் டொலர் சற்று இறங்கிற்று, சீமெந்தும் இறங்கிற்று. வாடகை மாத்திரம் இறங்கக் காணோம். ஏறும்போது படியேறி வந்த வாடகைக்கு இறங்குவதற்குப் படி வைக்கப்படவில்லை போலும்.

சட்டம் ஒன்றும் செய்யவில்லையா என நேயர்கள் கேட்கலாம். செய்தது, அதுவும் நெடுங்காலமாகச் செய்தது. இரண்டாம் உலகப் போரின் நெருக்கடியிலே, 1942-இல், வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1948-இல் புதிய சட்டம் அதனிடத்தைப் பெற்றது. 1972-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்க வாடகைச் சட்டம் கட்டுப்பாட்டை மேலும் இறுக்கியது. வீட்டின் ஆண்டுப் பெறுமதியை வைத்து வாடகை வரையறுக்கப்பட்டது. சட்டம் கூறும் காரணமின்றிக் குடியிருப்பவரை எழுப்புதல் இயலாதாயிற்று. அடுத்த ஆண்டிலே, ஒருவர் எத்தனை வீடுகளை உடையவராயிருக்கலாம் என்பதற்கும் உச்சவரம்பு இடப்பட்டது.

இவற்றாற் பயனடைந்த குடும்பங்கள் பல. அவற்றை இகழ்ந்து பேசுவது நன்றி மறத்தலாகும். ஆனால் இச்சட்டங்கள் காத்தது ஏற்கெனவே வீட்டினுள் இருந்தவரையே. வாயிலில் நின்று வீடு கேட்பவரை அன்று. உள்ளே இருந்தவர் பல்லாண்டுக்கு முன் விதித்த சிறுதொகையைச் செலுத்தி வந்தார். அத்தொகை கூரை ஓட்டை மாற்றுவதற்கும் போதாது என்பதால் உரிமையாளர் அவ்வீட்டைத் திரும்பியும் பாரார். மழைக்கு ஒழுகும் வீட்டில் இருவரும் ஒருவரையொருவர் பகைத்தபடி காலங்கழித்தனர். தந்தை தொடுத்த வழக்கின் தீர்ப்பை மகன் கேட்ட கதைகளும் உண்டு. இதனைக் கண்ட மற்றை உரிமையாளர்கள், வாடகைக்கு விடுவதிலும் பூட்டி வைப்பது மேல் எனக் கருதலாயினர். 1980-ஆம் ஆண்டுத் திருத்தம், அதன்பின் கட்டப்பட்டு வாடகைக்கு விடப்படும் குடியிருப்பு வீடுகளைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியது. ஆகவே இன்று தொடர்மாடியில் வீடு தேடும் இளங்குடும்பத்துக்கு அப்பழைய சட்டத்தின் நிழல் பெரும்பாலும் கிட்டுவதில்லை. 2023-இன் முதற் சட்டமோ, குத்தகைக் காலம் முடிந்த இடத்தை உரிமையாளர் விரைந்து மீளப்பெறுவதற்குச் சுருக்கமான வழக்குமுறையை வகுத்தது. பூட்டிய வீடுகள் சில இதனால் திறக்கப்படக்கூடும். அதனை நான் மறுக்கவில்லை. கணவனை இழந்து, மேல்மாடி வாடகை ஒன்றையே நம்பி வாழும் மூதாட்டியும் உரிமையாளர்தாம். அவருக்கும் நீதி வேண்டும். எனினும் வெளியேற்றும் வழி குறுகிய அளவுக்கு, நிலைத்திருக்கும் காலம் நீளவில்லை.

இனி, கண்ணுக்குத் தெரியாத இழப்புக்கு வருவோம். கொழும்பிலே வீடு கேட்டுச் செல்பவரிடம் முதலிற் கூறப்படுவது மாத வாடகை. இரண்டாவதாக, சற்றுக் குரலைத் தாழ்த்திக் கூறப்படுவது முற்பணம். ஆறு மாத முற்பணம், ஓராண்டு முற்பணம் என்பன இன்று சர்வசாதாரணம். தரகர்க்குரிய தொகை வேறு. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். மாத வாடகை அறுபதாயிரம் ரூபாய். ஓராண்டு வாடகையை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். மாதந்தோறும் அதிற் கழிக்கப்படும் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளிலே கைமாறுவது ஏழு இலட்சத்து இருபதினாயிரம் ரூபாய். முதல் மாதத்துக்குரிய அறுபதாயிரம் கையில் இருக்கிறது. மீதி ஆறு இலட்சத்து அறுபதினாயிரத்துக்கு மனைவியின் நகை அடைவுக்குப் போகிறது. வட்டி ஆண்டுக்கு 18 வீதம் எனவும், மாதம் அறுபதாயிரமாகக் கடனைத் திருப்பி அடைக்கும் திறன் அக்குடும்பத்துக்கு உண்டு எனவும் கொண்டால், ஆண்டு முடிவில் வட்டி மாத்திரம் 59,400 ரூபாய் வருகிறது. அஃதாவது ஒரு மாத வாடகை. பன்னிரண்டு மாதம் குடியிருந்தவர் பதின்மூன்று மாதத்துக்குப் பணம் செலுத்துகிறார். பதின்மூன்றாம் மாதத்தை அவர் எந்த வீட்டிலும் வாழவில்லை.

மாதந்தோறும் கடனை அடைக்க இயலாது போயின் கணக்கு இதனினும் கொடிதாகும். ஆண்டு முடியுமுன்னே உரிமையாளர் பத்து வீதமோ பதினைந்து வீதமோ கூட்டிக் கேட்பார். உடன்படாதவர் அடுத்த வீட்டுக்கு மீண்டும் ஒரு முற்பணம் திரட்ட வேண்டும். மீட்ட நகை மறுபடியும் அடைவு கடைக்கு நடக்கும். கலியாணத்துக்குச் செய்த அட்டியலின் பெரும்பயன் இதுவாகிவிட்ட குடும்பங்கள் உள்ளன.

பணத்தோடு முடிந்தாலும் ஆறுதலே. இங்கே பெற்றோர் பலர் அறிந்தும் அறியாததுபோற் கடந்து செல்லும் ஒரு காரியம் உண்டு. அரசாங்கப் பாடசாலையில் முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது, பாடசாலைக்கு அண்மையில் வசிப்போர் என்னும் பிரிவிலே புள்ளிகள் வழங்கப்படுகின்றன. வீட்டின் உறுதி பெற்றோர் பெயரில் இருந்தால் புள்ளி மிகுதி; வாடகைக்கு இருப்போர்க்குக் குறைவு. வாக்காளர் இடாப்பிலே ஐந்து ஆண்டுகளின் பதிவும் கணக்கில் எடுக்கப்படுகிறது. ஆண்டுதோறும் மூட்டை கட்டுபவருக்கு ஓரிடத்தில் ஐந்தாண்டுப் பதிவு எங்ஙனம் வாய்க்கும்? இவ்வாண்டு கிருலப்பனை, மறு ஆண்டு தெஹிவளை, அதன்பின் கல்கிசை என நகர்ந்துகொண்டிருக்கும் குடும்பத்தின் பிள்ளை, தன் வீட்டு மாடியிலிருந்து பார்த்தாற் தெரியும் பாடசாலைக்குள்ளே புக முடியாமல், இரண்டு பேருந்து மாறி வேறொரு பாடசாலைக்குச் செல்கிறது. வாடகை ஏற்றத்தின் விலையை இவ்வாறு ஐந்து வயதுப் பிள்ளையும் செலுத்துகிறது. இதனை எந்த விலைச் சுட்டெண்ணும் காட்டுவதில்லை.

அரசு ஒருகாலத்தில் வீடு கட்டிக் குடியமர்த்தியது. 1954-இல் தேசிய வீடமைப்புச் சட்டம் வந்தது. பம்பலப்பிட்டியிலும் மாளிகாவத்தையிலும் பிற இடங்களிலும் அரசினர் தொடர்மாடிகள் எழுந்தன. பின்னாளில் அவ்வீடுகள் பல குடியிருந்தோர்க்கே விற்கப்பட்டன. பெற்றவர்க்கு அது பெருவாழ்வு. ஆனால் விற்றதற்கு ஈடாக வாடகைக்கென மீண்டும் கட்டாமையால், அடுத்து வந்த தலைமுறைக்கு அரசினர் வாடகை வீடு என்பது கேள்விப்பட்ட பொருளாயிற்று. பிற நாட்டு நகரங்கள் யாவும் இவ்வழியே சென்றன என்று எண்ண வேண்டா. ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவிலே, முதலாம் உலகப் போரின் பின்னர் நகரசபை வாடகை வீடுகளைக் கட்டத் தொடங்கியது; 1930-இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் மனைத்தொகுதி ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்டது. அந்நகரசபை இன்றும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வாடகை வீடுகளைத் தன் உடைமையாக வைத்திருக்கிறது. நம் நாடு அத்துணைச் செல்வமுடையதன்று. ஆயினும் மாநகருக்குள்ளே பயனின்றிக் கிடக்கும் அரசாங்க நிலத்தில் ஒரு பகுதியையேனும், விற்பதற்கன்றி வாடகைக்கு விடுவதற்கென்றே ஒதுக்குதல் இயலாததன்று. 1958-இல் உருவான ஊழியர் சேமலாப நிதியிலே சேரும் பணம் உழைப்பவர்களின் பணம். அதில் ஒரு சிறு பங்கு நீண்டகால வாடகை வீடுகளில் முதலிடப்படுமாயின், வாடகை செலுத்துபவரே ஒருவகையில் அதன் வருவாய்க்கும் உரியவராவார். இது என் கருத்து, பொருளியலாளர் மாறுபடலாம்.

அரசு செய்யும்வரை காத்திருக்க இயலாதவர்கட்கு ஒரு செய்தி. வாடகை உடன்படிக்கை எழுதும்போது வெறுந்தாளில் முத்திரை ஒட்டிக் கையொப்பமிட்டு அமைதியடைவோர் பலர். 1840-ஆம் ஆண்டின் மோசடிகளைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டாலன்றி வலுப்பெறாது. ஓராண்டு இருக்கலாம் என்று நம்பி ஓராண்டுப் பணத்தைக் கொடுத்தவர், அத்தாளை நம்பி நீதிமன்றம் சென்றால் ஏமாற்றமடைய நேரும். நொத்தாரிசுக்குக் கொடுக்கும் தொகையை வீண்செலவென்று கருத வேண்டா. ஓராண்டுக்குப் பதிலாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு எழுதுமாறு கேட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு எத்தனை வீதம் கூட்டப்படும் என்பதையும் அதிலேயே குறிக்கச் செய்யுங்கள். நல்ல குடியிருப்பாளர் கிடைப்பதும் அரிது என்பதை அறிந்த உரிமையாளர்கள் இதற்கு உடன்படுவதுண்டு. முற்பணம் மாதந்தோறும் கழிவதா, முடிவிலே திருப்பித் தரப்படுவதா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டுப் பெறுங்கள்.

உரிமையாளர்களான நேயர்கட்கும் ஒரு வார்த்தை. வாக்காளர் பதிவுப் படிவத்தைக் கிராம அலுவலர் கொண்டுவரும்போது, வாடகைக்கு இருப்பவரின் பெயரை அதிற் சேர்க்க உங்களிற் சிலர் அஞ்சுகிறீர்கள். பெயரை எழுதினால் வீடே கைமாறிவிடும் என்று யாரோ சொல்லியிருப்பர். வாக்காளர் இடாப்பு வீட்டின் உறுதி ஆகாது. அதிலே பெயர் இருப்பதனால் எவர்க்கும் வீட்டின்மேல் உடைமை பிறப்பதில்லை. பெயர் இல்லாமையால் ஒருவருக்கு வாக்கும், அவர் பிள்ளைக்குப் பாடசாலையும் இல்லாது போகும். அடுத்த முறை படிவம் வரும்போது, மேல்மாடியில் இருப்பவர்களை அழைத்து அவர்கள் பெயரையும் எழுதிக் கொடுங்கள்.