750க்கு 282



நினைவுச் சொற்பொழிவைப் புகழுரையில் தொடங்குவது வழக்கம். நான் ஒரு மதிப்பெண்ணில் தொடங்குகிறேன். 750க்கு 282. நூற்றுக்கு 38கூட வரவில்லை. 1907இல் பம்பாய் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேறிய மாணவர் ஒருவர் வாங்கியது. அவர் பெயர் பீமராவ் அம்பேத்கர். இதே காலாப்பட்டில் அவர் பெயரில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. இன்றைய தரவரிசைப் பட்டியலில் அந்த 282 எந்தப் பக்கத்தில் கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் மேடைகளில் அவரைப் 'பிறவி மேதை' என்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பரேலில் ஒற்றை அறை. குடும்பம் முழுக்க அதற்குள். மகனை மாலையிலேயே தூங்க வைத்துவிட்டு அப்பா ராம்ஜி விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிட்டு, மகன் எழுந்த இடத்தில் தான் படுத்துக்கொள்வார். படிப்பதற்கென்று ஓர் இடம், ஒரு நேரம், காவலுக்கு ஒருவர். 1913இல் கொலம்பியா போனவர், பிறகு லண்டனில் பிரிட்டிஷ் மியூசிய நூலகம் திறக்கும்போது நுழைந்து மூடும்போது வெளியே வந்தவர், அந்தப் பழக்கத்தைத்தான் கொண்டுபோனார். மேதை என்று கும்பிட்டு ஒதுங்கினால் அந்த இரண்டு மணி விளக்கு நம் கண்ணில் படாது.

பள்ளிக்கூடத்தில் இது தலைகீழாக நடக்கிறது. வீட்டில் மேசை, மின்விசிறி, சாயங்காலம் ட்யூஷன், சந்தேகம் கேட்கப் படித்த அப்பா என்று இருக்கிற பிள்ளை எழுதினால் 'என்ன மூளை!' நம் பிள்ளை அதே மதிப்பெண் வாங்கினால் 'உருப்போட்டு எழுதிட்டா.' வாங்காவிட்டால் 'மண்டையில ஏறாது.' ஒரே உழைப்பு. ஒருவருக்குப் பிறப்புரிமை, இன்னொருவருக்கு ஏமாற்று வேலை. பிறப்பைக் கொண்டு அறிவை அளப்பதற்கு இந்த நாட்டில் வேறு பெயர் இருந்தது. இப்போது அதைத் தகுதி என்கிறார்கள்.

அரியலூர் குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 வாங்கினாள். நீட்டில் 720க்கு 86. 2017 செப்டம்பர் 1 அன்று அவளை இழந்தோம். ஒரே ஆண்டில், ஒரே தலைக்குள் இருந்த அறிவு எங்கே போயிற்று? நீதியரசர் ஏ.கே.ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில், முந்தைய ஆண்டே பள்ளி முடித்துவிட்டுத் திரும்ப எழுதியவர்கள் 2016-17இல் சுமார் 12 சதவீதம். 2020-21இல் சுமார் 71. ஓராண்டில் யாருக்கும் மூளை வளர்வதில்லை. படிக்க இன்னோர் ஆண்டும், பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணமும் கிடைத்திருக்கிறது. அவ்வளவுதான்.

ஆகவே தோழர்களே, பரிசளிப்பு விழாக்களில் நம் பிள்ளைகளை 'அறிவாளி' என்று பட்டம் கட்டி அனுப்ப வேண்டாம். எப்படிப் படித்தாய், எத்தனை மணிக்கு எழுந்தாய், யார் விளக்கைப் பிடித்தார்கள் என்று மேடையிலேயே கேட்போம். அடுத்த வரிசைப் பிள்ளை அதைக் கேட்கட்டும். நம் தெருக்களில் சமுதாயக் கூடங்கள் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் மட்டும் திறக்கின்றன. மற்ற நாட்களில் சாவி எங்கே? மாலை ஆறிலிருந்து பத்துவரை திறந்து வைக்க, மின்கட்டணம் கட்ட, வாரத்தில் ஒருநாள் வந்து உட்கார யார் யார் தயார்? வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். போகும்போது பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.