கூடாரத்துக்குள் அடுப்பு



அடையாற்றில் வசிக்கும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். அமெரிக்காவின் கொலராடோ மலைகளுக்கு மான் வேட்டையாடச் செல்லும் நண்பர்களுடன் அவரும் சில நாட்கள் தங்கப் போகிறாராம். சாரணர் முகாம்களை நடத்தியவன் என்பதால் என்னிடம் வந்து, "ஐயா, முதுகில் சுமக்கத்தக்க இலேசான கூடாரம் வேண்டும், உள்ளே அடுப்பும் எரிய வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது?" என்று வினவினார். நம் நாட்டில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொழுதுபோக்கு வேட்டைக்கு முடிவு கட்டிவிட்டது. எனினும் இமயத்துப் பனியில் தங்கச் செல்லும் நம் இளைஞர்களுக்கும் இவ்வினா உரியதே.

மயிலாப்பூரின் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். விறகடுப்புக்கு மேலே புகைபோக்கி இருந்தது. தீ இருக்குமிடத்தில் புகைக்கு வழி வேண்டும் என்பது நம் பாட்டிமார் அறிந்த பாடம். அமெரிக்கப் படை அதிகாரி ஹென்றி ஹாப்கின்ஸ் சிப்ளி, அந்நாட்டுப் பழங்குடியினரின் குடிலைப் பின்பற்றி அமைத்து, 1856 இல் காப்புரிமை பெற்ற கூம்புக் கூடாரத்திலும் உச்சியில் திறப்பு உண்டு.

இனித் துணியைப் பார்ப்போம். பருத்திக் கித்தான் உறுதியானது. ஆனால் பெரும் பாரம். சிலிக்கான் பூசிய நைலான் மிக இலேசானது. ஆனால் ஏறக்குறைய 220 முதல் 260 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிவிடும். அடுப்புக் குழாயோ அதனினும் சூடாகக் கூடும். ஆகவே, குழாய் வெளியேறும் துவாரத்தைச் சுற்றி வெப்பம் தாங்கும் துணி தைக்கப்பட்டிருக்க வேண்டும். கூடாரத்துக்குத் தரைத்துணி இல்லாதிருப்பது நலம்; அடுப்பு வெறும் மண்ணில் நிற்கும், பாரமும் குறையும். குழாயின் வாயில் தீப்பொறியைத் தடுக்கும் வலையும் தேவை.

இவற்றினும் முதன்மையானது காற்று. மார்கழியிலும் சன்னலைத் திறந்துவைத்து உறங்கும் நமக்கு, கடுங்குளிர் வந்ததும் தோன்றும் முதல் எண்ணம் எல்லாத் திறப்புகளையும் அடைத்துவிடுவதே. அங்கேதான் ஆபத்து இருக்கிறது. அரைகுறையாக எரியும் தீயிலிருந்து கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், உறக்கம். பிறகு விழிப்பே இல்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் என்னும் மலையூரில், அடைத்த அறையில் வெப்பமூட்டியை எரியவிட்டு உறங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் எண்மர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர்.

எனவே மாணவரிடம் கூறினேன்: "கூடாரத்தின் அடியில் ஒரு திறப்பும் உச்சியில் ஒரு திறப்பும் இருக்கின்றனவா என்று முதலில் பார். பனி விழுந்து அவை மூடாமல் காத்துக்கொள். குழாயில்லாத மண்ணெண்ணெய் அடுப்பையோ வாயு அடுப்பையோ உள்ளே ஏற்றாதே, கரிக்கணப்பும் ஆகாது. உறங்குமுன் தீயை அணைத்துவிடு. இரவுக் குளிருக்கு நல்ல உறக்கப்பை போதும். அந்த வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் சிறு கருவி ஒன்றையும் எடுத்துச் செல்."

"அதுவும் எடைதானே, ஐயா?" என்று அவர் சிரித்தார். வேறு சுமையைக் குறைக்கலாம். மூச்சுக்குரியதைக் குறைக்கலாகாது என்றேன். அவர் தம் பட்டியலை எடுத்து, இரண்டாவது மேற்சட்டையை அடித்துவிட்டு, அந்தக் கருவியை எழுதிக்கொண்டார்.