பைக்கற்றிலை எழுதியிருக்குது

எங்கடை கடைக்குச் சிலர் மாப் பைக்கற்றோடு கோபமாக வருவினம்: "இடியப்பம் பிழியேலாமல் களியாப் போச்சு!" பார்த்தால் அது ஒட்டரிசி மா. 'குளூட்டினஸ்' என்று முன்பக்கத்திலேயே இருக்கும். வாக்குவாதப்படாமல் சொல்லை வாசித்துக்காட்டி, வேறு மா மாற்றிக் கொடுப்பன். சட்டப்படி கொடுக்கத் தேவையில்லை; 1993ஆம் ஆண்டு நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் பழுதான பொருளுக்குத்தான், பிழையாகத் தெரிந்தெடுத்ததுக்கு இல்லை.

எழுத்தே பொய்யென்றால் விடாதேங்கோ! 2004இல் இங்கே பக்குரங்கா கல்லூரி மாணவிகள் இருவர் றைபீனா பானத்தைச் சோதித்துச் சந்தேகப்பட்டார்கள். 100 மில்லிலீற்றரில் 7 மில்லிகிராம் விற்றமின் சி என்று அச்சடித்திருந்தது. வர்த்தக ஆணைக்குழுவின் சோதனையில் அது காணப்படவில்லை. 2007இல் ஒக்லண்ட் நீதிமன்றம் கம்பனிக்கு 217,500 டொலர் அபராதம் விதித்தது.

அம்மம்மாமாரே, ஆங்கிலம் தெரியாட்டில் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நானும் வாசித்துச் சொல்லுவன்.