ஆச்சிக்குக் கிடைத்த வேடம்

இன்று பட்டம் பெறும் நாடகத் துறை மாணவ மாணவியரே,

இந்த மாதிரி விழாவுக்கு வழக்கமாகக் கலாமையோ எடிசனையோ துணைக்கு அழைத்து வருவார்கள். நான் பள்ளத்தூர் ஆச்சியை அழைத்து வந்திருக்கிறேன். நடிகை மனோரமாவைத்தான் சொல்கிறேன்.

மன்னார்குடியில் பிறந்து, காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூரில் வளர்ந்து, சிறுமியாகவே மேடையேறியவர். எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடகக் குழுவில் நாயகி வேடங்களில் பெயர் வாங்கியவர். அப்படிப்பட்டவருக்கு 'மாலையிட்ட மங்கை'யில் கவிஞர் கண்ணதாசன் கொடுத்தது நகைச்சுவை வேடம். படம் வந்தது 1958-இல். அந்த வேடத்தை எடுத்தால் ஓரங்கட்டிவிடுவார்களோ என்று பயந்ததை ஆச்சியே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். கதாநாயகியாகத்தான் நடிப்பேன் என்றால் மூன்று நான்கு வருஷத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள், நகைச்சுவை என்றால் நிலைத்து நிற்கலாம் என்பது கவிஞர் போட்ட கணக்கு.

கணக்கு பலித்தது. ஆனாலும் எனக்கு அதில் ஒரு கசப்பு உண்டு. நாயகிக்கு ஆயுசு குறைவு என்பதை அன்று யாரும் கேள்வி கேட்கவில்லை. இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிட்டதா? மாணவியரே, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் ஆச்சி கதாநாயகியாகவும் நடித்தார். அந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம்.

'தில்லானா மோகனாம்பாள்' பார்த்திருப்பீர்கள். 1968. அதில் ஆச்சி ஏற்ற ஜில் ஜில் ரமாமணி ஒரு நாடகக்காரி. பேச்சில் வார்த்தையின் வாலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுப்பாரே, அது கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்பதற்காகப் பழகிய குரல். கேமரா முன்னால் அந்தக் குரலை அடக்குவதுதான் வழக்கம். ஆச்சி அடக்கவில்லை, வேடத்துக்கே அதைக் கொடுத்துவிட்டார். ஒரு காட்சியில் எதிரே நிற்பது வித்வான் வேடத்தில் சிவாஜி. நாமும் சிரிக்கிறோம். ஆனால் ஆச்சியின் கண்ணை மட்டும் பாருங்கள். ஒரு வித்வானைக் கண்ட இன்னொரு கலைஞரின் மரியாதை அதில் இருக்கும். வாய் அசடு வழியும்போதும் கண் வழியாது. மேடையில் நாயகி வேடத்துக்கென்று கற்றது எதுவும் வீண் போகவில்லை என்பதற்கு எனக்கு அந்த ஒரு காட்சி போதும்.

உங்களில் பலர் சீக்கிரமே சென்னையில் ஆடிஷன் வரிசையில் நிற்கப்போகிறீர்கள். விரும்பும் வேடத்தை வாய்விட்டுக் கேளுங்கள். வேறொன்றைக் கொடுத்தால், சம்பளம் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். அதை மட்டும் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

பட்டம் பெற்ற அனைவருக்கும் வாழ்த்துகள். பெற்றோர் காத்திருக்கிறார்கள், சாப்பாடும் ஆறுகிறது.